பயிற்சி இல்லாதவர் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் இல்லத்துக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். ஓசூரில் தொழிற்சாலை வேலை, வயது 26, ஞாயிறு விடுமுறை. ஆறு மாதத்துக்கு முன் ஷிப்ட் நண்பர்களோடு கிருஷ்ணகிரி பக்கம் ஓர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொடுக்கப் போனீர்கள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் உங்கள் கையைப் பிடித்தவன் கடைசிவரை விடவில்லை. நீங்கள் வேனில் ஏறும்போது அழுதான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் அங்கே போக வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. "எனக்குப் பயிற்சி கிடையாது, வீட்டில் தெலுங்கு பேசுகிறவன், அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "நான் போனால் அவனுக்கு நல்லதா, இல்லை ஒவ்வொரு வாரமும் அழவைத்துவிட்டு வருவேனா?" உங்கள் மனதை அரிப்பது அந்த வரிதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் சிறப்பாசிரியர். 19 வருடமாக இந்த வேலை. முதல் 11 வருடம் தருமபுரி மாவட்டத்தில் பிள்ளைகள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றில், அப்புறம் கிருஷ்ணகிரியில் ஒரு பகல்நேரச் சிறப்புப் பள்ளியில். மருத்துவம் படித்தவள் அல்ல. வலிப்பு, மாத்திரை பற்றி நான் சொல்வது முதலுதவியோடு நின்றுவிடும். அந்தப் பையனையும் நான் பார்த்ததில்லை. அவன் விஷயத்தில் அங்கே தினமும் அவனோடு இருக்கும் ஆசிரியரும் ஆயாம்மாவும் சொல்வதுதான் கணக்கு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, என் பதில்: போங்கள். பயிற்சி இல்லாததால் பெரிய கெடுதல் எதுவும் வந்துவிடாது. வருகிறேன் என்று சொன்ன நாளில் வராமல் போனால்தான் கெடுதல்.

அந்தக் கையைப் பற்றி முதலில் பேசுவோம். இல்லத்தில் வளரும் பிள்ளையின் ஒரு நாளை யோசித்துப் பாருங்கள். எழுப்புவது ஒருவர், குளிப்பாட்டுவது இன்னொருவர், ஊட்டுவது வேறொருவர். ராத்திரி ஷிப்ட் மாறினால் தூங்கவைக்கும் கை வேறு. இதற்கு நடுவில் கேக்கோடும் பிரியாணியோடும் வாரத்துக்கு நான்கு கூட்டம் வருகிறது. அப்படி வளரும் பிள்ளைகளில் சிலர் யாரைப் பார்த்தாலும் ஓடிவந்து கட்டிக்கொள்வார்கள். புதிதாக வருகிறவருக்கு மனம் உருகிவிடும். அது பாசமாகவும் இருக்கலாம். புது ஆள் என்றால் இனிப்பு என்று கற்றுக்கொண்ட பழக்கமாகவும் இருக்கலாம். கூட்டத்தின் சத்தம் தாங்காமல் அமைதியாக நின்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டதாகவும் இருக்கலாம். சில பையன்களுக்கு வேனில் ஏறி வெளியே போகவேண்டும், அவ்வளவுதான்; வேன் கிளம்பினால் அழுவார்கள். உங்கள் பையன் இதில் எது என்பது நான்கைந்து வாரம் போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

வந்து வந்து போகும் மனிதர்களால் பிள்ளைகளின் மனம் எவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதில், உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் ஓர் ஆய்வு தொடங்கியது. காப்பகங்களில் இருந்த 136 கைக்குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்கள் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். ஒரு குழந்தைக்கு என்று நிலையான ஒருவர் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இது வலுவான சான்று. ஆனால் மரபணுக் கோளாறு உள்ள குழந்தைகள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை; வாரம் ஒருமுறை வரும் தன்னார்வலரைப் பற்றியும் அது எதுவும் சொல்லவில்லை. அதை அப்படியே நம் இல்லங்களுக்குப் பொருத்துவது ஊகம். இனி நான் சொல்வது என் கண்ணால் கண்டது.

இல்லத்தில் நான் சேர்ந்த மூன்றாம் வருடம். கல்லூரிப் பெண் ஒருத்தி இரண்டு மாதம் தினமும் சாயங்காலம் வந்தாள். நல்ல பெண், பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடுவாள். டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு உள்ள ஒன்பது வயதுச் சிறுமி அவளோடு ஒட்டிக்கொண்டாள். தேர்வு வந்தது, அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் நின்றுவிட்டாள். அதன்பின் ஐந்து வாரம் அந்தச் சிறுமி நான்கு மணி ஆனால் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். மழை வந்தாலும் எழமாட்டாள். ராத்திரிச் சாப்பாடு பாதியாகக் குறைந்தது. நானும் அப்போது சின்னவள். அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து ஒரு நாள் வந்து சொல்லிவிட்டுப் போ என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

அதற்கு அப்புறம்தான் நாங்கள் காலண்டர் வைக்க ஆரம்பித்தோம். சிக்கலானது ஒன்றும் இல்லை. நாள்காட்டி அட்டையில், வருகிறவரின் சின்னப் புகைப்படத்தை அவர் வரும் நாள்களின் கட்டத்தில் ஒட்டிவிடுவோம். தினமும் காலையில் பிள்ளை அன்றைய கட்டத்தில் கோடு போடும். படம் இருக்கும் கட்டம் வந்தால் அண்ணன் வருவார். எண் தெரியாத, தேதி புரியாத பிள்ளைக்கும் இது பிடிபட்டுவிடும்; சிலருக்கு ஒரு மாதம் ஆகும், சிலருக்கு மூன்று. நீங்கள் போகும் இல்லத்தில் இந்தப் பழக்கம் இல்லையென்றால் நீங்களே ஒரு காலண்டர் வாங்கிக்கொண்டு போய், ஆசிரியரிடம் கேட்டு ஆரம்பியுங்கள். மாதம் இரண்டு ஞாயிறுதான் உறுதியாக முடியும் என்றால் இரண்டே போதும். நான்கு என்று சொல்லிவிட்டு இரண்டு போவதைவிட அது நூறு மடங்கு மேல். ஓவர்டைம் வந்துவிட்டால் முந்தின நாளே வார்டனுக்குச் சொல்லுங்கள், அவர்கள் படத்தை நகர்த்தி ஒட்டிவிடுவார்கள்.

கிளம்பும்போது பிள்ளை அழும் என்று பயந்து, அது வேறு பக்கம் பார்க்கும் நேரத்தில் நழுவி வந்துவிடுவது பலரின் வழக்கம். செய்யாதீர்கள். சொல்லாமல் மறைகிறவர் எந்த நிமிடமும் மறைந்துவிடலாம் என்று ஆகிவிட்டால், அடுத்த வாரம் உங்களை ஒரு நொடிகூட விடாது. ஒரே இடத்தில் நின்று, ஒரே சொல்லைச் சொல்லி, ஒரே மாதிரி கைகாட்டிவிட்டு வாருங்கள். முதல் சில வாரம் அழுகை இருக்கும். அந்த அழுகையை ஆயாம்மா பார்த்துக்கொள்வார். நான் பார்த்தவரை பெரும்பாலான பிள்ளைகள் ஐந்தாறு வாரத்தில் அழுகையை விட்டு, தாங்களே கைகாட்டி அனுப்பிவிடுவார்கள். அப்படி ஆகாத ஓரிரு பிள்ளைகளும் உண்டு. அங்கே ஆசிரியர் சொல்படி நேரத்தைக் குறைக்கவோ, வேறு பிள்ளையோடு சேர்த்து உட்காரவைக்கவோ வேண்டிவரும். வேலை மாற்றமோ கல்யாணமோ வந்து மொத்தமாக நிறுத்தவேண்டி வந்தால், மூன்று நான்கு வாரம் முன்பே சொல்லுங்கள். கடைசி நாள் எது என்பதைக் காலண்டரில் அவனுக்குக் காட்டிவிடுங்கள்.

சரி, எந்த இல்லத்துக்குப் போவது என்பதிலும் கவனம் வேண்டும். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளைத் தங்கவைக்கும் இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்களுக்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டமும் பதிவைக் கட்டாயமாக்குகிறது. சான்றிதழ் அலுவலக அறையிலேயே மாட்டியிருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கலெக்டர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலோ விசாரிக்கலாம். நல்ல இல்லம் உங்களைத்தான் கேள்வி கேட்கும்: ஆதார், வேலை செய்யும் இடம், போலீஸ் நன்னடத்தைச் சான்று, யாராவது ஒருவரின் சிபாரிசு. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும். முதல் நாளே பிள்ளைகள் தூங்கும் அறைவரை தனியாக அனுப்பிவிடுகிற இல்லத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். உங்களை அனுப்பியவர்கள் யாரையும் அனுப்புவார்கள்.

உள்ளே போனதும் மூத்திர வாடை அடித்தால் உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். 30 பிள்ளைகளும் மூன்று ஆயாம்மாக்களும் இருக்கும் இடத்தில், காலை பத்து மணிக்கு வாடை இருக்கத்தான் செய்யும். மாலையிலும் அதே துணி, அதே வாடை என்றால் அது வேறு கதை. ஆனால் பிள்ளையைக் கட்டிலோடு கட்டியிருந்தாலோ, அறையில் போட்டுப் பூட்டியிருந்தாலோ, அதற்கு அவர்கள் சொல்லும் எந்த விளக்கத்தையும் ஏற்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் கருகிப்போனார்கள். அவர்கள் மனநோய்க்காக வைக்கப்பட்டிருந்தவர்கள். கட்டிவைத்தல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நம் மாநிலம் அப்போதே பார்த்துவிட்டது. இப்படி எதையாவது கண்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். பாலியல் சீண்டல் நடந்திருக்கலாம் என்று தெரிந்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி போலீஸுக்குத் தெரிவிப்பது தெரிந்த ஒவ்வொருவரின் கடமை. இல்லத்தின் பெயர் கெட்டுவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மனநோய் என்று சொன்னதால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஊரில் இரண்டையும் ஒன்றாகவே பேசுவார்கள். அறிவுசார் குறைபாடு என்பது வளரும் வயதிலேயே தொடங்கி, கற்றுக்கொள்வதும் அன்றாட வேலைகளைச் செய்வதும் வயதுக்கு ஏற்ற அளவு வராமல் இருப்பது. நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) ஏறக்குறைய 70-க்குக் கீழே இருப்பதோடு, உடுத்துவது, உண்பது, பேசுவது போன்றவற்றிலும் பின்தங்கியிருந்தால்தான் அந்தப் பெயர். மனநோய் எந்த வயதிலும், எவ்வளவு அறிவு உள்ளவருக்கும் வரலாம்; மருந்தால் தணியலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமே இரண்டையும் பிரித்துவிட்டது. பழைய பெயர்ப் பலகைகளில் மனவளர்ச்சி குன்றியோர் என்று இருக்கும், நாங்களும் பேச்சுவாக்கில் சொல்வோம். ஆனால் "இவனுக்கு எத்தனை வயது புத்தி?" என்று பிள்ளையை வைத்துக்கொண்டே கேட்காதீர்கள். பேச்சு வராத பிள்ளைக்கும் குரலின் தொனி புரியும். 17 வயது இளைஞனுக்கு ஐந்து வயது புத்தி என்று நினைத்து மடியில் உட்காரவைத்துக் கொஞ்சுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவனுக்கு உடம்பு 17, ஆசைகள் 17, மீசை முளைத்திருக்கிறது. அவனோடு கைகுலுக்குங்கள், தோளில் தட்டுங்கள், பந்து வீசி விளையாடுங்கள்.

இனி நீங்கள் அங்கே செய்யக்கூடிய வேலை. பயிற்சி இல்லாதவருக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது ஒரே ஒரு விஷயம்: எந்த வேலையையும் துண்டு துண்டாகப் பிரித்து, கடைசித் துண்டிலிருந்து பிள்ளையைச் செய்யவைப்பது. சட்டை போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஒரு வேலை. அவனுக்கு அது சட்டையின் முன்பக்கம் எது என்று பார்ப்பது, வலது கையை நுழைப்பது, முதுகுப் பக்கம் சுற்றிவருவது, இடது கையைத் தேடி நுழைப்பது, இரண்டு ஓரத்தையும் சேர்ப்பது, ஒவ்வொரு பட்டனாகத் துளையில் தள்ளுவது, தள்ளியதை மறுபக்கம் இழுப்பது என்று பத்து வேலை. முதலிலிருந்து கற்றுக்கொடுத்தால் இரண்டாவது படியிலேயே சோர்ந்துவிடுவான். அதனால் எல்லாவற்றையும் நாம் போட்டுவிட்டு, கடைசிப் பட்டனைப் பாதி நுழைத்து, இழுப்பதை மட்டும் அவனிடம் விடவேண்டும். இழுத்தான் என்றால் சட்டை போட்டு முடித்தது அவன்தான்! அந்த முகத்தை நீங்கள் பார்க்கவேண்டும். இரண்டு வாரம் அதையே செய்தபின், நுழைப்பதையும் அவனிடம் விடுகிறோம். இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வருகிறோம். ஒரு பையனுக்குச் சட்டை முழுதாகப் போட வருவதற்கு 14 மாதம் ஆனது. அவன் அம்மா பாலக்கோடு பக்கம் கூலிவேலை செய்பவர். பொங்கலுக்கு அழைத்துப்போக வந்தவர், மகன் தானாகப் பட்டன் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவரால் பேச முடியவில்லை.

இதில் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கப்போவது காத்திருப்பதுதான். ஒன்றைச் சொன்னால் மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நாம் மூன்று எண்ணுவதற்குள் திரும்பச் சொல்வோம், நான்கில் கையைப் பிடித்துச் செய்துவிடுவோம். காதில் விழுந்தது மூளைக்குப் போய், கைக்கு வர இந்தப் பிள்ளைகளில் பலருக்கு நேரம் எடுக்கும். ஏழாவது எண்ணில் கை நகர ஆரம்பிக்கும்போது நாம் திரும்பச் சொன்னால், அவன் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பத்து ஆகியும் நகரவில்லையா, விரலால் காட்டுங்கள். அதற்கும் நகரவில்லையா, முழங்கையை லேசாகத் தொடுங்கள். கையைப் பிடித்துச் செய்யவைப்பது எல்லாவற்றுக்கும் கடைசியில்.

சாப்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் நீங்கள் முதலில் போனதே சாப்பாடு கொடுக்கத்தான். பிறந்தநாளுக்கும் திதிக்கும் ஒருவேளைச் சாப்பாடு கொடுப்பது நம் பக்கத்தில் நல்ல வழக்கம். பல இல்லங்களின் அடுப்பு அதனால்தான் எரிகிறது, அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ஒரே ஞாயிறு காலையில் கேக், மதியம் பிரியாணி, மாலையில் ஜாங்கிரி என்று மூன்று கூட்டம் வந்தால், திங்கட்கிழமை ஆயாம்மா கழுவும் துணியின் எண்ணிக்கை இருமடங்காகும். முன்பின் தெரியாதவரின் பிறந்தநாளுக்கு, சாதம் ஆறும்வரை பிள்ளைகளை வரிசையில் உட்காரவைத்துப் பாட்டுப் பாடச் சொல்வதும் தட்டோடு படம் எடுப்பதும் வேண்டாம். கொடுப்பவர்கள் முதலில் வார்டனுக்குப் போன் செய்து, அந்த வாரம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று கேட்டாலே போதும். பெரும்பாலும் பதில் அரிசி, ராகி மாவு, சோப்பு, டயப்பர், கொசுவலை என்று இருக்கும்.

ஊட்டுவதற்கு ஒரு விதி உண்டு, இதில் சந்தேகமே கிடையாது: தலையும் முதுகும் நிமிர்ந்திருக்க, உட்காரவைத்துத்தான் ஊட்டவேண்டும். படுத்த நிலையிலோ தலையைப் பின்னால் சாய்த்தோ ஊட்டக்கூடாது. மூளை முடக்குவாதம் (மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் இல்லாத நிலை) உள்ள பிள்ளைக்குப் புரை ஏறினால் சாப்பாடு நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரலாம். சில பிள்ளைகளுக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடும். யாருக்குக் களியை உருட்டிக் கொடுக்கலாம், யாருக்குக் கரைத்துக் கொடுக்கவேண்டும், யாருக்குத் தண்ணீரையே கெட்டியாக்கித்தான் கொடுக்கவேண்டும் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பதம் உண்டு. அது தெரியாமல் நீங்களாக எதையும் வாயில் வைக்காதீர்கள், ஒரு சாக்லேட்டைக்கூட. மாம்பழ சீசனில் நம் மாவட்டத்தில் கூடை கூடையாகக் கொண்டுவந்து கொடுப்பார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். கொட்டையோடு கையில் கொடுக்காமல் நறுக்கி, நார் எடுத்துக் கொடுங்கள். கையில் கிடைப்பதையெல்லாம் விழுங்கும் பிள்ளைகள் அங்கே உண்டு.

வலிப்பு உங்கள் கண்முன்னே ஒருநாள் வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். இந்தப் பிள்ளைகளில் பலருக்கு வலிப்பு நோயும் சேர்ந்திருக்கும். வந்தால் சுற்றியுள்ள சாமான்களை நகர்த்துங்கள், தலைக்கு அடியில் துணியை மடித்து வையுங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தோ இரும்போ கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. பல் கிட்டிக்கொண்டது என்று ஸ்பூனை நுழைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். தண்ணீர் கொடுக்காதீர்கள், கைகாலை அழுத்திப் பிடிக்காதீர்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் அடுத்தது வந்தாலோ 108. டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளைத் தூக்கிப்போட்டுப் பிடிப்பது, குட்டிக்கரணம் போடவைப்பது கூடாது. சிலருக்குக் கழுத்தெலும்பின் மேல்மூட்டு தளர்வாக இருக்கும். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு இருப்பதால், ஓடவைப்பதற்கு முன்பும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடிப்பது, கடிப்பது, தலையைச் சுவரில் மோதுவது இவற்றைப் பார்த்தால் புதியவர்கள் பயந்துவிடுவார்கள். சொல்லத் தெரியாத பிள்ளைக்கு அது ஒரு பேச்சு. அதற்கு முன் என்ன நடந்தது, செய்தபின் அவனுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டு வாரம் குறித்துவைத்தால் பாதிக் காரணம் தெரிந்துவிடும். எங்கள் இல்லத்தில் ஒரு பையன் திடீரென்று கன்னத்தில் அறைந்துகொள்ள ஆரம்பித்தான். கவனம் ஈர்க்கிறான் என்று ஒரு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டோம். கடைசியில் பார்த்தால் கடைவாய்ப்பல்லில் சீழ். பல் எடுத்த மறுநாள் அறைவது நின்றது. பழக்கம் திடீரென்று மாறினால் பல், காது, மலச்சிக்கல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் வலி, இவற்றைப் பார்க்கச் சொல்லி நினைவூட்டுங்கள். வாரம் ஒருமுறை வருகிறவரின் கண்ணுக்கு, தினமும் பார்க்கிறவர் தவறவிடும் மாற்றம் தெரியும்.

உங்கள் பாதுகாப்புக்கும் அவர்கள் பாதுகாப்புக்கும் சேர்த்துச் சில விஷயங்கள். எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனியாக இருக்காதீர்கள். குளிப்பாட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப்போவது உங்கள் வேலையல்ல. போனை அலுவலகத்தில் வைத்துவிடுங்கள். இல்லத்துப் பிள்ளைகளின் அடையாளம் தெரியும்படி எதையும் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது. வாட்ஸாப் ஸ்டேட்டஸ் மட்டும்தானே என்று நினைக்காதீர்கள்.

பெற்றோர் வந்தால் "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்டுவிடாதீர்கள். அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுவது நம் பக்கத்தில் சகஜம். அதனால் சில மரபணு நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. ஆனால் இந்த ஒரு பிள்ளைக்கு அதுதான் காரணம் என்று பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் 21-ஆவது குரோமோசோம் ஒன்று கூடிவிடுவதால் வருவது, அதற்கும் சொந்தக் கல்யாணத்துக்கும் தொடர்பில்லை. பிரசவத்தில் மூச்சுத்திணறல், பிறந்தபின் கடும் மஞ்சள் காமாலை, மூளைக் காய்ச்சல் என்று வேறு காரணங்களும் உண்டு. காரணமே கண்டுபிடிக்கப்படாத பிள்ளைகளும் ஏராளம். அந்த அம்மாக்கள் அந்தக் கேள்வியை மாமியாரிடமிருந்து ஆயிரம் முறை கேட்டுவிட்டு வந்தவர்கள். பிள்ளையை விட்டுவிட்டார்களே என்றும் நினைக்காதீர்கள். ஊனத்தைக் காரணம் காட்டிப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக்கூடாது என்றுதான் 2016 சட்டம் சொல்கிறது, நானும் வீடுதான் முதல் இடம் என்று நம்புகிறவள். ஆனால் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்த் தகரக் கொட்டகையில் தங்கும் தம்பதி, வலிப்பு வரும் பிள்ளையை எங்கே விட்டுவிட்டு சித்தாள் வேலைக்குப் போவது?

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பல பிள்ளைகளை வீட்டுக்கு அழைத்துப்போவார்கள். யாரும் வராத நான்கைந்து பேர் மிஞ்சுவார்கள். கூட்டமாக இருந்த இடம் வெறிச்சோடிப்போய், அந்தப் பிள்ளைகள் கேட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மூன்று நாள்தான் வருடத்திலேயே கனமான நாள்கள். உங்கள் வீட்டுப் பண்டிகை முடித்து, மாட்டுப் பொங்கலன்று இரண்டு மணி நேரம் போக முடிந்தால், அதற்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

பிள்ளைகளோடு நேரடியாக இல்லாத வேலைக்கும் தயாராகப் போங்கள். துணி மடிப்பது, நடைவண்டியின் கழன்ற சக்கரத்தைப் பொருத்துவது, வீல்சேருக்கு எண்ணெய் விடுவது. தொழிற்சாலையில் வேலை செய்கிற உங்கள் கைக்கு இதெல்லாம் அரைமணி வேலை. அங்கே அது ஆறு மாதமாகக் கிடப்பில் இருக்கும். ஆயாம்மா ஒருவர் ஒரு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்தால், மாலையில் ஊட்டும்போது அவர் கை அவசரப்படாது.

நீங்கள் தெலுங்கு பேசுகிறவர் என்பதை ஒரு குறை போல எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும் எனக்கு ஒரு பையன் நினைவுக்கு வந்தான். தேன்கனிக்கோட்டை பக்கத்திலிருந்து வந்தவன், பேச்சு வராது என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தது. தட்டை வைத்தால் தள்ளிவிட்டு "பேட, பேட" என்பான். அரூர்க்கார ஆயாம்மாவுக்கும் எனக்கும் அது வெறும் சத்தம். நான்கு மாதம் கழித்து ஓசூரிலிருந்து வந்த தன்னார்வலர் ஒருவர், "மேடம், கன்னடத்தில் வேண்டாம் என்கிறான்" என்றார். அவனுக்குப் பேச்சு இருந்தது, எங்களுக்குத்தான் காது இல்லை. அன்றிலிருந்து சேர்க்கைப் படிவத்தில் வீட்டு மொழி என்று ஒரு வரியைச் சேர்த்தோம். தெலுங்கும் கன்னடமும் உருதும் தமிழும் கலந்து கிடக்கும் மாவட்டத்தில், ஒரு மொழியிலேயே தடுமாறுகிற பிள்ளையைப் புது மொழிக்குள் கொண்டுவந்து விட்டுவிடுகிறோம்.

அதனால் வரும் ஞாயிறு போனதும் வார்டனிடம் அந்தப் பையனின் வீட்டில் என்ன மொழி என்று கேளுங்கள். தெலுங்கு என்று சொன்னால், அவனுக்குப் பக்கத்தில் அவன் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, பேரைச் சொல்லி, "ரா" என்று ஒருமுறை கூப்பிட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள்.